ஒரு சலைன் பாட்டில்... 8 உயிர்கள்! பல் கிளினிக்கில் நாம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

பல் வலி என்று போனவர்கள் சில வாரங்களில் மூளைத் தொற்றால் இறந்துபோனார்கள் என்றால் நம்ப முடிகிறதா? திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் அப்படித்தான் நடந்தது.

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் இருந்து வந்த 21 பேருக்கு, 'நியூரோ மெலியாய்டோசிஸ்' என்ற அரிய மூளைத் தொற்று கண்டறியப்பட்டது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அறிகுறி. வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நோயாளிகளின் பின்னணியைத் தோண்டித் துருவியபோது, அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்தது தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். லான்செட் குழும இதழ் ஒன்றில் ஆய்வுக் கட்டுரை வெளியான பிறகு, 2025-ல்தான் இந்த விஷயம் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

காரணமாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியது சலைன் பாட்டிலை. சலைன் என்பது சிகிச்சையின்போது வாயைக் கழுவப் பயன்படும் உப்பு நீர். ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் 'பெரியோஸ்டியல் எலிவேட்டர்' என்ற கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சமிருந்த சலைனைக் கொட்டவில்லை. பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்து வைத்து, தீரும்வரை அடுத்தடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரு பாட்டில் சலைன் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதை மிச்சம் பிடித்ததற்கு எட்டுக் குடும்பங்கள் கொடுத்த விலையை என்னவென்று சொல்வது?

மண்ணில் வாழும் கிருமி

மெலியாய்டோசிஸை உண்டாக்கும் 'பர்க்கோல்டேரியா சூடோமல்லை' பாக்டீரியா மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தாய்லாந்திலும் வட ஆஸ்திரேலியாவிலும் நன்கு அறியப்பட்ட நோய் இது. நம் ஊரில் மழைக்காலத்தில் வயலில் இறங்குபவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். பல நேரங்களில் காசநோய் என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. வழக்கமாக, தோலில் உள்ள காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் போகும்.

சத்தே இல்லாத நீரிலும் இந்தக் கிருமியால் நீண்டகாலம் உயிரோடு இருக்க முடியும். அதனால், திறந்து வைத்த சலைன் பாட்டில் அதற்கு நல்ல வீடு. அந்த நீரைப் பல் பிடுங்கிய குழியில், ரத்தம் கசியும் இடத்தில் பீய்ச்சினால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. வாய்க்கும் மூளைக்கும் நரம்பு வழியே தூரம் ரொம்பக் கம்மி.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அறுவை சிகிச்சையின்போது குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து சலைன் பயன்படுத்தச் சொல்வதே பாதுகாப்புக்காகத்தான். பல் சிகிச்சை நாற்காலியோடு இணைந்த மெல்லிய குழாய்களின் உட்சுவரில் கிருமிகள் பாசி போலப் படியும். 2016-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அனாஹெய்ம் நகரில் பல் சிகிச்சைக்குப் போன குழந்தைகள் பலருக்குத் தாடையில் கடுமையான தொற்று வந்தது. சிகிச்சைக்குப் பயன்பட்ட தண்ணீரில் இருந்த 'மைக்கோபாக்டீரியம்' வகைக் கிருமிதான் காரணம். அமெரிக்காவோ வாணியம்பாடியோ, அலட்சியத்துக்கு ஊர் பேதம் இல்லை.

நீல விளக்குப் பெட்டியை நம்பலாமா?

நம்மில் பெரும்பாலானோர் கிளினிக் சுத்தமாக இருக்கிறதா என்பதைத் தரையைப் பார்த்து முடிவு செய்கிறோம். ஏ.சி, சோபா, மீன் தொட்டி எல்லாம் இருந்தால் திருப்தி. ஆனால், பார்க்க வேண்டியது கருவிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத்தான்.

வாய்க்குள் போகும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய நம்பகமான வழி ஆட்டோகிளேவ். பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடங்களுக்கு மேல், அல்லது 134 டிகிரியில் சில நிமிடங்கள் என அழுத்தமான நீராவியில் கருவிகள் வேக வேண்டும். வெறும் கொதிநீர் போதாது. ஓட்டுக்குள் உறங்கும் சில பாக்டீரியாக்கள் அதைத் தாங்கிவிடும். சில கிளினிக்குகளில் நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி இருக்கும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த யூ.வி பெட்டி, ஏற்கெனவே கிருமிநீக்கம் செய்த கருவிகளைப் பத்திரமாக வைக்கத்தான். அழுக்குக் கருவியை அதில் வைத்து எடுத்தால் சுத்தமாகிவிடாது.

ஆட்டோகிளேவில் இருந்து வரும் கருவிகள் ஒட்டப்பட்ட பையில் இருக்கும். பையின் ஒரு மூலையில் நிறம் மாறும் குறி உண்டு. உங்கள் கண் முன்னால் அந்தப் பை பிரிக்கப்பட்டால் நல்லது. நிறம் மாறியிருப்பது, பை சூட்டுக்குள் போய்வந்தது என்பதற்கான அடையாளம் மட்டுமே. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை டாக்டர்தான் அவ்வப்போது பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காதது பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ். சுழன்று நிற்கும்போது அது எச்சிலையும் ரத்தத்தையும் துளியளவு உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். மேலே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் உள்ளே போனது போகாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதுவும் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு ஹேண்ட்பீஸை வைத்துக்கொண்டு மாலையில் இருபது பேரைப் பார்க்கும் இடத்தில் இது எப்படிச் சாத்தியம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

'இதையெல்லாம் கேட்டா டாக்டர் கோபிச்சுப்பாரோ?' என்ற தயக்கம்தான் இங்கே பெரிய நோய். காய்கறிக் கடையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம், வாய்க்குள் போகும் ஊசி புதிதா என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். "சலைன் புது பாட்டில்தானே டாக்டர்?" என்று சிரித்தபடியே கேட்கலாம். முறையாக நடத்துபவர் காட்டிவிடுவார். முகம் சுளித்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்ப் பலகையில் பி.டி.எஸ் இருக்கிறதா, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பரம்பரையாகப் பல் கட்டுகிறோம் என்று பதிவில்லாமல் தொழில் செய்வது சட்டப்படியே குற்றம்.

மாடிப்படி ஏற முடியாத பாட்டி

ஆனால், 'வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வது எல்லோருக்கும் பொருந்துமா? பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் வெளிநோயாளியாகப் பார்க்கும் பல் சிகிச்சைக்கு இடமில்லை. ரூட் கெனால், கேப் என்றால் கையிலிருந்துதான் பணம் போக வேண்டும். அதனால் கிராம்பை வைத்து அழுத்துவது, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது என்று மாதக் கணக்கில் ஓட்டுகிறார்கள். முகம் வீங்கிய பிறகு, பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் ஆட்டோகிளேவ் பற்றியா கேட்கத் தோன்றும்?

நம் ஊர்களில் பல் கிளினிக்குகள் பெரும்பாலும் கடைகளுக்கு மேலே, முதல் மாடியில் இருக்கும். செங்குத்தான படி, லிஃப்ட் கிடையாது. மூட்டு வலியுள்ள பாட்டிக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அந்த இருபது படிகளே சிகிச்சையை மறுத்துவிடுகின்றன. அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

மாற்று இல்லாமல் இல்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், 2023-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை என்று அரசுக் கல்லூரிகளும் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை அளிக்கிறார்கள். நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அதுவும் ஒரு செலவுதான். பல் பிடுங்குவது பக்கத்திலேயே முடிந்துவிடும், பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும் என்ற நிலை மாறாதவரை, பலர் பல்லை இழக்கவே செய்வார்கள்.

நாற்காலியில் சாய்வதற்கு முன்...

நம் பக்கத்திலும் ஒரு பொறுப்பு உண்டு. சர்க்கரை இருக்கிறதா, ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா, இதய வால்வு மாற்றியிருக்கிறதா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறீர்களா, கர்ப்பமா என்பதையெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்துவது இன்னும் ஆபத்து. அதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சிகிச்சை முடிந்த பின் லேசான வலியும் வீக்கமும் இரண்டு மூன்று நாள் இருப்பது இயல்பு. வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சில நாள்கள் கழித்துக் காய்ச்சல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை என்று வந்தால், பொது மருத்துவரிடம் போகும்போது "இந்தத் தேதியில், இந்த கிளினிக்கில் பல்லுக்குப் பார்த்தேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 21 நோயாளிகளில் பத்துப் பேரை இணைத்த நூல், அவர்கள் எங்கே பல் பார்த்தார்கள் என்ற அந்த ஒரு தகவல்தான். மெலியாய்டோசிஸுக்கு மருந்து இருக்கிறது. ஆனால் மாதக் கணக்கில் எடுக்க வேண்டும், சீக்கிரம் தொடங்க வேண்டும். பல் டாக்டர் கொடுத்த சீட்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பத்திரமாக வைத்திருங்கள்.