எம்.எல்.ஏ இல்லாத 20 மாதங்கள்: ஆண்டிபட்டிக்காக யார் கேள்வி கேட்டது?

2019 ஏப்ரல் 16, இரவு. இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒன்றரை நாள்தான். ஆண்டிபட்டியில் அமமுக அலுவலகம் இருந்த கட்டடத்தில் நடந்த சோதனையின்போது தகராறு முற்றியது. போலீஸார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கணக்கில் வராத ரூ.1.48 கோடி பறிமுதல் செய்யப்பட்டது.

ஊருக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டால், ‘சுட உத்தரவிட்டது யார்?’ என்று சட்டப்பேரவையில் கேட்க வேண்டியவர் அந்த ஊர் எம்.எல்.ஏ. ஆனால், அன்று ஆண்டிபட்டிக்கு எம்.எல்.ஏ-வே கிடையாது!

என்ன ஆச்சு?

2017 செப்டம்பர் 18 அன்று, அதிமுக-வின் 18 எம்.எல்.ஏ-க்களைப் பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். அதில் ஆண்டிபட்டியின் தங்க தமிழ்ச்செல்வனும் பெரியகுளத்தின் கதிர்காமுவும் இருந்தனர். வழக்கு, தீர்ப்பு, இடைத்தேர்தல் எல்லாம் முடிந்து 2019 மே 23-ல் முடிவு வரும்வரை, சுமார் 20 மாதங்கள் நாற்காலி காலி.

தேனி மாவட்டத்தில் மொத்தமே 4 தொகுதிகள். இரண்டு காலி. போடி எம்.எல்.ஏ ஓ.பன்னீர்செல்வம் அப்போது துணை முதல்வர். அதாவது, பதில் சொல்லும் இடத்தில் இருந்தவர். மிச்சம் கம்பம். அவரும் ஆளுங்கட்சி. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபோதும் இதே நிலைதான். வேறு ஊர் உறுப்பினர்கள் கேட்கலாம். ஆனால், எதிர்க்கட்சி வரிசையில் தேனிக்காரர் ஒருவர்கூட இல்லை.

எம்.எல்.ஏ கையில் என்ன ஆயுதம்?

காவல் துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் வருபவை. எனவே பதில் சொல்ல வேண்டியது மாநில அரசு.

கேள்வி நேரம்: முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விக்கு அமைச்சர் தயாரித்த பதிலைப் படிப்பார். உடனே எழும் துணைக் கேள்வியில்தான் உண்மையான சோதனை!

கவன ஈர்ப்பு: அவசரச் சம்பவம் பற்றி அமைச்சரை விளக்கம் தர வைக்கும் வழி.

மானியக் கோரிக்கை: காவல் துறைக்கான நிதியைப் பேரவை ஒப்புக்கொள்ளும் முன் நடக்கும் விவாதம். அப்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் குற்ற எண்ணிக்கை முதல் காவல் நிலையங்கள் வரை விவரம் இருக்கும். எதிர்ப்பைப் பதிவு செய்ய வெட்டுத் தீர்மானமும் உண்டு.

எல்லை என்ன?

நீதிமன்ற விசாரணையில் இருக்கும் விஷயத்தைக் கேள்வியாக்க விதிகள் பொதுவாக இடம் தராது. ‘குற்றவாளி யார்?’ என்று கேட்க முடியாது. ‘ஆண்டிபட்டி காவல் நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி? கணவாய்ச் சாலையில் கடந்த ஆண்டு எத்தனை விபத்து?’ என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஆண்டிபட்டி இரண்டு பக்கமும் பார்த்த தொகுதி. ஜெயலலிதா 2002-ல் இங்கிருந்து சென்று முதல்வராகப் பதில் சொல்லும் வரிசையில் அமர்ந்தார். 2006-ல் இங்கேயே மீண்டும் வென்று கேள்வி கேட்கும் வரிசைக்கு, எதிர்க்கட்சித் தலைவராகப் போனார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

‘எங்க ஏரியாவுல பாதுகாப்பு இல்ல’ என்று பொதுவாகப் புலம்பினால் அது ஆறுதலோடு முடிந்துவிடும். இடம், தேதி, எண்ணிக்கையோடு எம்.எல்.ஏ-விடம் மனுவாகக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால்தான் அது பேரவையில் கேள்வியாக மாறும். அங்கே சொல்லப்படும் பதில் அவைக்குறிப்பில் ஏறும். அப்புறம் ‘அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று யாரும் நழுவ முடியாது.