சோதனைக் குழாயில் சர்ப்பகந்தி

நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் மூலிகைகளுள் சர்ப்பகந்தி முக்கியமானதொன்றாகும். 1931-ஆம் ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இதன் வேரினின்று அஜ்மலீன் முதலிய ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். இரத்த அழுத்தத்தைத் தணிப்பதில் இவ்வேருக்குள்ள ஆற்றலை 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் மேனாட்டு மருத்துவ உலகிற்கு எடுத்துக்காட்டினார். 1952-இல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானிகள் ரெசர்ப்பைனைப் பிரித்தெடுத்த பின்னர் உலகெங்கும் இவ்வேருக்குக் கிராக்கி உண்டாயிற்று.

இப்புகழே செடிக்குப் பகையாக முடிந்தது. மருந்துச் சத்து வேரில் மிகுந்திருப்பதால் செடியை முழுதும் பிடுங்க வேண்டியுள்ளது. விதைகளிலோ முளைப்பவை குறைவு. முளைப்பும் ஒரே சீராக இராது. காடுகளில் இச்செடி அருகியதனால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் 1990-இல் இது சேர்க்கப்பட்டது. ஆகவே பயிரிடுவதற்கு நாற்றுகளைப் பெருக்குவது அவசியமாகும். அதற்குரிய வழிகளில் ஒன்றே திசு வளர்ப்பு.

ஹார்மோன்களின் பணி

தாவர உயிரணு ஒவ்வொன்றும் முழுச் செடியாக வளரும் திறனை உள்ளடக்கியது. அத்திறனைத் தூண்டுபவை வளர்ச்சி ஹார்மோன்கள். புகையிலைத் தண்டின் திசுவை ஆராய்ந்த ஸ்கூக், மில்லர் என்போர் 1957-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஆக்சின் மிகுந்தால் வேர் தோன்றும்; சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் தோன்றும்; இரண்டும் நடுத்தர விகிதத்தில் இருந்தால் உருவமற்ற திசுத்திரள் பெருகும். ஹார்மோனின் அளவு மட்டுமன்று, அவற்றிடையே உள்ள விகிதமே விளைவை முடிவு செய்கிறது. மாணவர்களுக்கு ஆசிரியர்கள் முதலில் விளக்க வேண்டிய கருத்து இதுவேயாகும்.

வளர்க்கும் முறை

நோயற்ற, சத்து மிகுந்த தாய்ச்செடியின் கணுத் துண்டுகளைக் கிருமிநாசினியில் நனைத்து, தூய நீரில் பலமுறை கழுவுகின்றனர். பின்னர் முராஷிகே, ஸ்கூக் ஆகியோர் 1962-இல் வகுத்த ஊட்டக் கலவையில் அவற்றை ஊன்றுகின்றனர். தாது உப்புக்களும் வைட்டமின்களும் அடங்கிய இக்கலவையில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். அது கெட்டிப்பட அகர் சேர்க்கப்படுகிறது. கலவையை 121 டிகிரி சென்டிகிரேடு நீராவியில் முன்னரே தூய்மை செய்தல் வேண்டும். ஒரு பூஞ்சை வித்து நுழைந்தாலும் அக்குப்பி முழுவதும் பாழாகும்.

தளிர் பெருகுவதற்கு லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் பென்சைல் அடினைன் போதுமானது. தளிர்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிரித்துப் புதுக் கலவையில் வைக்கின்றனர். ஒவ்வொரு முறையும் ஒன்று நான்காகப் பெருகுமாயின், ஐந்தாம் சுற்றில் ஒரு தளிரிலிருந்து 1,024 தளிர்கள் கிடைக்கும். இறுதியில் இந்தோல் பியூட்டிரிக் அமிலம் போன்ற ஆக்சின் சேர்ந்த கலவைக்கு மாற்றினால் வேர் விடும்.

வயலுக்குச் செல்லுமுன்

களப் பணியாளரின் கவனம் மிகுதியும் தேவைப்படுவது இக்கட்டத்திலேதான். குப்பியின் ஈரக் காற்றில் வளர்ந்த இலைகளில் மெழுகுப் படலம் மெல்லியது. இலைத் துளைகளும் சரிவர மூடா. நேரே வெயிலில் நட்டால் நாற்று சில மணி நேரத்தில் வாடிவிடும். ஆதலால் வேரில் ஒட்டிய அகரை நீரில் அலசி, நாற்றை மணலும் மட்கிய உரமும் கலந்த தொட்டியில் நட்டு, பாலிதீன் உறையால் மூடி நிழலில் வைத்தல் வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குதல் நலம்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. ஒரே தாயின் நாற்றுகள் யாவும் ஒரே இயல்பின. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். எனவே பல தாய்ச்செடிகளைத் தேர்ந்தெடுப்பதும், காட்டில் எஞ்சியுள்ள செடிகளை விதைக்காக விட்டுவைப்பதும் இன்றியமையாதன. காட்டில் இயற்கையாக நிற்கும் பலவகைச் செடிகளே நாளைய சோதனைக் குழாய்க்கு வித்தாகும்.