பிஸ்டல் குண்டுக்கு மான் விழுமா?

கொஸ்லந்தையில் ஒரு தேநீர்க் கடை. கொழும்பில் நடந்த துப்பாக்கிச் சூடு பற்றிய செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. மீரியபெத்த பக்கமிருந்து வந்திருந்த இளைஞர்கள் நால்வர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதரைக் கொல்லும் இந்தச் சின்னத் துவக்கு ஒரு மரையைக் கொல்லுமா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செய்தி எழுதுகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை தோட்டப் பக்கங்களில் இன்னும் இருக்கிறது. விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் அதன் பதிலைத் தேடிப் போனால், பிஸ்டலையே கண்ணால் பார்த்திராத மக்களின் கால்கள் வரைக்கும் வந்து நிற்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குண்டின் வலுவை ஜூல் என்ற அலகில் அளக்கிறார்கள். 50 கிலோ மூட்டை ஒன்றை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 500 ஜூல் சக்தி வேண்டும். உலகெங்கும் பொலிஸாரும் பாதாளக் குழுக்களும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டலின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதில் இருப்பதும் அதே அளவு சக்திதான். பழைய .38 ரிவோல்வரில் அது 300 ஜூல் அளவுக்குக் குறையும். .357 மெக்னமில் 700, 800 வரை ஏறும். 1955இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த .44 மெக்னம் 1,300ஐத் தொடும். நீளக் குழல் துப்பாக்கிகளின் கதை வேறு. டி-56இன் குண்டு சுமார் 2,000 ஜூல், வெள்ளைக்காரர் காலத்து .303 ரைபிளின் குண்டு 3,000க்கும் மேல். குண்டின் வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். நீண்ட குழலும் கூடுதல் மருந்தும் தருவது அந்த வேகத்தைத்தான்.

ஜூல் கணக்கோடு விஷயம் முடிவதில்லை. ரைபிள் குண்டு நொடிக்கு 600 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் உடலுக்குள் புகும்போது, சுற்றியுள்ள தசையைப் பக்கவாட்டில் தள்ளிக் கிழித்துவிடுகிறது. பிஸ்டல் குண்டுக்கு அந்த வேகம் இல்லை. அது தன் பருமனுக்கு ஒரு துளை போட்டுக்கொண்டு போகும். தசை விரிந்து கொடுத்துவிட்டு மீண்டும் சுருங்கிக்கொள்ளும். துளை இதயத்திலோ நுரையீரலிலோ பெரிய இரத்தக் குழாயிலோ விழுந்தால் விலங்கு சாகும், மற்ற இடங்களில் விழுந்தால் ஓடிவிடும். இதயத்தில் பட்ட மான்கூட ஐம்பது, நூறு மீற்றர் ஓடித்தான் விழும். சினிமாவில் வருவதுபோல நின்ற இடத்திலேயே சரிய வேண்டுமென்றால் மூளையிலோ முள்ளந்தண்டிலோ பட வேண்டும்.

மான் என்று நாம் பொதுவாகச் சொல்லும் விலங்குகளுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேளையாடு 25 கிலோவைச் சுற்றி நிற்கும். புள்ளிமான் 50 முதல் 80 கிலோ. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பார்த்திருக்கக்கூடிய ஆண் மரை 200 கிலோவை எட்டும். தடித்த தோல், அகன்ற தோள் எலும்பு. அந்த உடம்பில் 9 மி.மீ. குண்டு எலும்பிலே தட்டி நின்றுவிடலாம். காயத்தோடு ஓடையில் இறங்கும் மரை நாட்கணக்கில் புழுத்துச் சாகும்.

வேட்டையை அனுமதிக்கும் நாடுகளும் இந்தக் கணக்கைச் சட்டமாக எழுதி வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் சிறிய ரோ மானுக்கே 100 மீற்றர் தூரத்தில் குண்டில் 1,000 ஜூல் மிச்சமிருக்க வேண்டும், பெரிய மானுக்கு 2,000. கைத்துப்பாக்கிக்கு அங்கே உள்ள முக்கிய வேலை, ஏற்கெனவே காயப்பட்ட விலங்கை அருகில் போய் முடித்து வைப்பது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் கைத்துப்பாக்கி வேட்டையை அனுமதிக்கின்றன. .44 மெக்னம் போன்ற கனத்த ரிவோல்வரை, பயிற்சி பெற்ற கை, ஐம்பது மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் பயன்படுத்தினால் மான் விழும். ஆக, அந்த இளைஞருக்கான பதில்: செய்தியில் காட்டும் பிஸ்டலுக்கு மரை விழுவது தற்செயல். அதை நம்பி வேட்டைக்குப் போகிறவர் விலங்கைச் சித்திரவதை செய்யப் போகிறார்.

இலங்கையில் இந்தப் பதிலுக்கு ஒரு பயனும் இல்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மான், மரை, கேளையாடு, சருகுமான் அனைத்தையும் பாதுகாக்கின்றன. எந்தக் குண்டால் சுட்டாலும் குற்றம்தான். பிஸ்டலுக்கு பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் அப்படியொரு அனுமதிப்பத்திரம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த மலைகளில் வேட்டை யாருடைய பொழுதுபோக்காகத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பதுளையில் பிரித்தானிய நிர்வாகியாக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சில ஆண்டுகள் கழித்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையை மடக்கி வெறும் கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையோடு எழுதி வைத்தார். அவர்கள் துரைமார், அது வீரம். அதே மலையில் லயத்துப் பிள்ளை ஒரு முயலுக்குக் கண்ணி வைத்தால் அது திருட்டு. இந்த இரட்டை அளவுகோல் வரலாற்றுப் பாடத்தில் வருவதில்லை.

இன்று ஊவாவின் தோட்ட ஓரங்களிலும் கீழே வெல்லவாய, மொணராகலைப் பக்கமும் விலங்குக்காகக் காத்திருப்பது கட்டுத்துவக்கு. உள்ளூரில் செய்த ஒரு குழல், மருந்து, உலோகத் துண்டுகள். விலங்கு நடக்கும் தடத்தைப் பார்த்தபடி மரத்திலோ கம்பத்திலோ கட்டியிருப்பார்கள். குறுக்கே ஓடும் மெல்லிய நூலில் எது பட்டாலும் வெடிக்கும். குழலின் தரத்தை வைத்துப் பார்த்தால் எந்த நாட்டின் வேட்டைச் சட்டமும் இதை ஒரு ஆயுதமாகவே ஏற்காது. ஆனால் வலு குறைந்த துப்பாக்கிக்குத் தூரம்தானே குறை? கட்டுத்துவக்கு அந்தத் தூரத்தை இரண்டு மூன்று அடியாகச் சுருக்கிவிடுகிறது. கூடவே, விசையை இழுக்கும் முன் எதிரில் நிற்பது யார் என்று பார்க்கும் கண்ணையும் அகற்றிவிடுகிறது. பிஸ்டல் வைத்திருக்கும் கொலைகாரன்கூட ஆளைப் பார்த்துத்தான் சுடுகிறான்.

பன்றியின் மார்புக்கு நேராக வைத்தால் அது மனிதரின் முழங்காலுக்கு நேராக வரும். அதனால்தான் இந்த நாட்டு மருத்துவர்கள் எழுதிய கட்டுத்துவக்குக் காயங்கள் பற்றிய குறிப்புகளில் உடைந்த கால் எலும்பு திரும்பத் திரும்ப வருகிறது. துண்டுகளோடு மண்ணும் துணியும் காயத்துக்குள் போவதால் அழுகலும் சேர்ந்துகொள்ளும். விறகுக்குப் போகிறவர், மாட்டுக்குப் புல் அறுக்கிறவர், கைவிடப்பட்ட தேயிலை மலையைக் குறுக்கு வழியாகக் கடக்கிறவர் என்று அகப்படுவது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். வைத்தவரும் பல நேரங்களில் அதே ஊர்க்காரர், சில நேரம் சொந்தக்காரர். அதனால் பொலிஸில் பெயர் சொல்ல வாய் வராது. நாள் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒருவரின் கால் போனால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

துவக்குக்கு வழியில்லாதவர்கள் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். அதற்கும் கண் கிடையாது. 2020 மே மாதம் லக்ஷபான தோட்டப் பகுதியில் அப்படியொரு சுருக்கில் சிக்கியது ஒரு கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாட்களில் இறந்துவிட்டது. நாடே அதற்காக வருந்தியது, சரிதான். கட்டுத்துவக்கில் கால் இழந்த தொழிலாளிக்காக நாடு வருந்தியதை நான் இதுவரை பார்க்கவில்லை.

வைக்கிறவர்களை வெறும் குற்றவாளிகளாக எழுதிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் நட்ட வற்றாளையையும் மரவள்ளியையும் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும். காட்டுப்பன்றி, மானைப் போலப் பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல. பயிரைக் காக்க சொட்கன் அனுமதி கேட்கச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. ஆனால் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கிறவர் காக்க வேண்டிய காணியைக் காட்ட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தயில் மண்ணுக்குள் போன லயங்களில் இருந்தவர்கள் யாரிடமும் காட்டுவதற்கு ஓர் உறுதிப்பத்திரம் இருக்கவில்லை. 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று ஆண்டுக்கணக்காகப் பேசப்படும் காணியிலும் பயிர் செய்ய மிஞ்சுவது வீட்டுக் கொல்லை மட்டுமே. எல்லோருக்கும் துப்பாக்கி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தோட்டக் கம்பனியும் பிரதேச செயலகமும் சேர்ந்து லயங்களைச் சுற்றி வேலி போட்டுக் கொடுத்தால், கட்டுத்துவக்குக்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி போய்விடும். மற்றப் பாதி இறைச்சி வியாபாரம், அது பொலிஸ் வேலை.

அதுவரை, பற்றை மண்டிய தடத்தில் நடக்கிறவர்களுக்கு. முழங்கால் உயரத்தில் இறுகிய நூலோ கம்பியோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம். வந்த வழியே அப்படியே திரும்புங்கள். பின்னால் வருகிறவர்களைச் சத்தம் போட்டு நிறுத்துங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் 1992, பொலிஸ் 119. யாருக்காவது பட்டுவிட்டால் சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். உள்ளே இருக்கும் துண்டுகளை நோண்டி எடுக்க வேண்டாம். வைத்தது யார் என்ற விசாரணை காயப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நடக்கட்டும்.