கிள்ளைக்கு ஏற்ற உணவு

சங்க இலக்கியத்தில் கிளி தினைக்கதிரை நாடி வரும் பறவை. தட்டை, தழல் முதலிய கருவிகள் கொண்டு மகளிர் கிளி கடிந்ததைக் குறிஞ்சிப்பாட்டு காட்டுகிறது. விருதுநகர்க் கரிசல் நிலத்தில் கம்பும் சோளமும் விளைவித்த உழவர்க்கும் கிளி புதிதன்று. தானியமே கிளியின் உணவு என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது எனலாம்.

உண்மையில் காட்டுக்கிளி கனி, பூ, மொட்டு, தளிர் ஆகியவற்றையும் உண்கிறது. நெடுந்தொலைவு பறக்கவும் செய்கிறது. கூண்டுக்கிளிக்கு அவ்வுழைப்பு இல்லை. கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையையே நாள்தோறும் இட்டால் உடல் பருத்து ஈரல் கெடும். உயிர்ச்சத்து 'ஏ' குறைந்து மூச்சுறுப்புகள் நோயுறும். ஆகவே தானியத்தோடு முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, கொய்யா ஆகியவற்றையும் மாற்றி மாற்றி அளித்தல் வேண்டும். தூய நீரும் நாள்தோறும் வைத்தல் வேண்டும்.

மிளகாயைக் கிளி விரும்பி உண்ணும். அதன் எரிவைப் பறவைகள் உணர்வதில்லை. எனினும் சாத்தூர்க் காராச்சேவு அதற்கு ஆகாது; கேடு காரத்தால் அன்று, உப்பாலும் எண்ணெயாலுமே. சாக்லேட், காப்பி, வெண்ணெய்ப்பழம் ஆகியன கிளிக்கு நஞ்சு.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மேற்கூறிய உணவுமுறை அயல்நாட்டு இனங்களை உரிய விதிப்படி வளர்ப்போர்க்கே உரியது. பச்சைக்கிளியை விரும்புவோர் கொல்லையில் ஒரு கொய்யாக் கன்றை நடுவோமாக. அது தானே வந்து உண்டு, தானே பறந்து செல்லட்டும்.