விளையாடவும் காணொளி தொகுக்கவும் ஒரு கணினி: கடைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

மாணவர்களே, என்னிடம் படிக்கும் நான்காம் படிவ மாணவர் ஒருவர் சொந்தமாகப் பாகங்களை வாங்கிக் கணினி ஒன்றைப் பொருத்தினார். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் வீடு. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிறார். மிகைநேர வேலை செய்து பல மாதம் சேர்த்த பணம் அது. அதில் பாதிக்கு மேல் வரைகலை அட்டைக்கே போய்விட்டது. மின்வழங்கிக்குப் பணம் மிஞ்சவில்லை. கணினிப் பெட்டியோடு சேர்ந்து வந்த, பெயர் தெரியாத ஒன்றையே பொருத்திக்கொண்டார்.

வீட்டுப்பாடம் தட்டச்சு செய்யும்போது ஒரு தொல்லையும் இல்லை. விளையாட்டைத் திறந்தால் மட்டும் பத்து நிமிடத்தில் கணினி தானாக அணைந்தது. இரண்டாவது வாரம் கருகிய வாடை வந்தது. மின்வழங்கி போனது, போகும்போது தாய்ப்பலகையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு நடுத்தர வரைகலை அட்டையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

விளையாட்டு என்ன கேட்கிறது?

1920 × 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 2 மில்லியன் புள்ளிகள் உள்ளன. அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிய விநாடிக்கு 60 படங்கள் வேண்டும். அப்படியானால், ஒவ்வொரு விநாடியும் 124 மில்லியன் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும்!

இந்த வேலையை இருவர் பிரித்துக்கொள்கிறார்கள். செயலி ஒரு கங்காணியைப் போன்றது. எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே விழும் என்று முடிவு செய்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும். வரைகலை அட்டையில் சில ஆயிரம் சிறு கணக்கிடும் அலகுகள் உள்ளன. அவை வேலையாட்களைப் போல ஒரே நேரத்தில் புள்ளிகளுக்கு நிறம் தீட்டும். கங்காணி மெதுவாக இருந்தால் ஆயிரம் பேரும் கைகட்டி நிற்பார்கள். ஆட்கள் குறைவாக இருந்தால் கங்காணி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தும் பயனில்லை. எனவே பழைய செயலியோடு விலை உயர்ந்த அட்டையைச் சேர்ப்பது பணத்தை வீணாக்குவதாகும்.

காணொளித் தொகுப்பு என்ன கேட்கிறது?

ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம், விநாடிக்கு 30 படங்களை அப்படியே சேமித்தால் ஒரு விநாடிக் காணொளிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் தேவைப்படும். ஆனால் உங்கள் கைப்பேசி ஏறத்தாழ 2 மெகாபைட்டில் அதை முடித்துவிடுகிறது. எப்படி? முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறைதான் அது சேமிக்கிறது. இடையில் வரும் படங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது.

தொகுக்கும்போது நீங்கள் நடுவில் ஓரிடத்தைச் சொடுக்கினால், கணினி முந்தைய முழுப் படத்திற்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். காணொளி திக்கித் திக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல இன்டெல் செயலிகளின் உள்வரைகலைப் பகுதியில் இதற்கென்றே தனிச் சுற்று உண்டு. பெயரின் இறுதியில் 'எஃப்' எழுத்து உள்ள இன்டெல் செயலிகளில் அந்தப் பகுதி இயங்காது. தொகுப்பு வேலை அதிகம் என்றால் இதைக் கவனித்து வாங்குங்கள். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது நம் பினாங்கில்தான் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தொகுப்புக்கு நினைவகமும் வேண்டும். விளையாட்டுக்கு 16 ஜிகாபைட் போதும். தொகுப்புக்கு 32 இருந்தால் நல்லது. ஒரே 16க்குப் பதில் இரண்டு 8 ஆக வாங்கினால் தரவு இரு வழிகளில் ஓடும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. தாய்ப்பலகை எதை ஏற்கும் என்று முதலில் பாருங்கள்.

யாரும் கேட்காத பாகம்

இனி நம் மாணவரைக் கைவிட்ட மின்வழங்கிக்கு வருவோம். செயலி 90 வாட், வரைகலை அட்டை 170 வாட், மற்றவை 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 வாட். இதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில் போகிறது. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்று படித்திருக்கிறீர்கள். முழுவதும் 12 வோல்ட் என்றே கொண்டால், 300 ÷ 12 = 25 ஆம்பியர். சுவரில் செருகும் பிளக்கின் ஃபியூஸ்கூட 13 ஆம்பியர்தான்! மெல்லிய கம்பியும் மலிவான பாகங்களும் இதைத் தாங்குமா?

மின்வழங்கியின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வெளியே 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டு, உள்ளே 18 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 12 × 18 = 216 வாட்தான் கிடைக்கும். என் மாணவரின் மின்வழங்கியில் எழுதியிருந்தது அதுதான்.

300 வாட் தேவைக்கு 500 அல்லது 550 வாட் வாங்குங்கள். நொடிப்பொழுதில் தேவை திடீரென உயரும். '80 பிளஸ்' முத்திரையையும் பாருங்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காடு பாகங்களுக்குப் போய்ச் சேரும் என்பது அதன் பொருள். மிச்சம் வெப்பமாகிவிடும்.

நம் ஊர் வெயிலும் இடியும்

கணினியின் விசிறி அறைக்காற்றைத்தான் வீசுகிறது. அறையைவிடக் குளிராக அதனால் ஆக்க முடியாது. செயலி அறையைவிட 50 டிகிரி சூடாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய கடையில், 24 டிகிரியில், அது 74ஐத் தொடும். துத்தநாகக் கூரை வீட்டில், மதியம் 34 டிகிரியில், 84ஐத் தொடும். பல செயலிகள் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே முன்பக்கம் கண்ணாடி மூடிய, வண்ண விளக்கு மின்னும் பெட்டி வேண்டாம். காற்று புகும் வலைமுகப்பும் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள பெட்டியே நமக்கு நல்லது. செம்மண் சாலை ஓரத்தில் வீடு என்றால் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

சிலாங்கூரில் பிற்பகல் இடி புதிதல்ல. மின்னதிர்ச்சித் தடுப்புப் பட்டை வாங்கலாம். ஆனால் எர்த் கம்பி சரியாக இணைந்திருந்தால்தான் அது முழுமையாக வேலை செய்யும். பழைய தோட்ட வீடுகளில் இதை மின்பணியாளரிடம் கேட்டுச் சோதியுங்கள். நேரடி மின்னலை எந்தப் பட்டையும் தடுக்காது. வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். இணையக் கம்பியையும் மறவாதீர்கள். இடி தொடங்கிவிட்டால் அவற்றைத் தொட வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் நான்கு பத்திகள் வரையுங்கள்: பாகம், என் வேலைக்கு ஏன் தேவை, வாட், விலை. 'ஏன் தேவை' என்ற பத்தியை நிரப்ப முடியாத பாகத்தை அடித்துவிடுங்கள். வாட் பத்தியைக் கூட்டி, 12ஆல் வகுத்து, ஆம்பியரைக் கீழே எழுதுங்கள்.

என் மாணவரின் வரைகலை அட்டை நல்லவேளையாகத் தப்பியது. தாய்ப்பலகைக்கும் மின்வழங்கிக்கும் மீண்டும் பணம் சேர்க்க அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. இம்முறை அப்படியொரு தாளோடு என்னிடம் வந்தார். அதில் முதல் வரியில் இருந்தது மின்வழங்கி.