தொங்கட்டான் போட்ட நாய்

நெதர்லாந்தின் சதுப்பு நிலங்களில் காட்டு வாத்து பிடிப்பதற்கென்றே வெட்டிய குளங்கள் உண்டு. குளத்திலிருந்து பிரியும் கால்வாய்கள் வளைந்து, போகப் போகக் குறுகி, ஒரு வலைக்கூண்டில் போய் முடியும். கரை நெடுக நாணல் தட்டிகளைச் சாய்வாக, ஒன்றையடுத்து ஒன்றாக நட்டிருப்பார்கள். தட்டிக்குப் பின்னால் ஆள் ஒளிந்திருப்பார். அவருடைய சின்ன நாய் ஒரு தட்டிக்குள் நுழைந்து மறையும், அடுத்த தட்டியருகே வெளியே வரும். குரைக்காது, துரத்தாது. வாத்துகளின் கண்ணில் படுவதெல்லாம் ஆடி ஆடி மறையும் ஒரு வெள்ளை வால்தான். அது என்னதான் செய்கிறது என்று பார்த்தபடியே அவை பின்னால் நீந்தி வரும். நரி மாதிரியான எதிரி கரையில் நடந்தால், தண்ணீரில் பத்திரமாக இருந்துகொண்டு அதைக் கண்காணிப்பது வாத்துகளின் இயல்பு. கால்வாய்க்குள் போதுமான தூரம் வந்ததும் ஆள் அவற்றின் பின்பக்கமாகத் தலைகாட்டுவார். மிரண்ட வாத்துகள் முன்னோக்கிப் பறந்து நேராகக் கூண்டில் போய் அடையும்.

இந்த வேலைக்குப் பழகிய நாய்தான் கோய்கர்ஹோன்ட்யே, சுருக்கமாகக் கோய்கர். ஸ்பேனியல் வகை. தோள்வரை ஏறக்குறைய 40 செ.மீ. உயரம், பத்துக் கிலோ எடை, வெள்ளை உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள். தொங்கும் காதுகளின் நுனியில் கறுப்பு முடி நீளமாக வளர்ந்திருக்கும். வளர்ப்பவர்கள் அதைத் தொங்கட்டான் என்றே சொல்கிறார்கள்.

வாத்துக் குளங்கள் குறையக் குறைய நாயும் அருகிப் போனது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வான் ஹார்டன்ப்ரூக் வான் அம்மர்ஸ்டோல் என்ற சீமாட்டி இந்த இனத்தை மீட்கக் கிளம்பினார். ஊர் ஊராகப் போகும் ஒரு வியாபாரியிடம் நாயின் படத்தையும் ஒரு கொத்து முடியையும் கொடுத்து, இதே மாதிரி எங்காவது தென்பட்டால் சொல்லச் சொன்னாராம். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துப் பண்ணை ஒன்றில் அப்படி ஒரு பெட்டை அகப்பட்டது. அதன் பெயர் டோமி. 1942இல் அது முதல் ஈற்றுக் குட்டிகளைப் போட்டது. 1971இல் டச்சு நாய்ச் சங்கம் இனத்தை முறைப்படி அங்கீகரித்தது. அமெரிக்காவில் முழு அங்கீகாரம் கிடைக்க 2018 ஆகிவிட்டது.

கதை சுபமாகத் தெரிந்தாலும் உயிரியல் வேறு கணக்கு வைத்திருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களிலிருந்து ஓர் இனம் கிளைக்கும்போது, அந்தச் சில நாய்களிடம் ஒளிந்திருந்த பழுதான மரபணுக்களும் கூடவே பெருகும். வெளியிலிருந்து புது ரத்தம் வராததால் சில தலைமுறைகளில் எல்லா நாய்களும் ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். தாய்வழியிலும் தந்தைவழியிலும் அதே பழுது வந்து ஒரு குட்டியிடம் சந்தித்தால் நோய் வெளிப்படும்.

கோய்கர் இனத்தில் அப்படி வெளிப்பட்டவற்றில் கொடியது தண்டுவட அழிவு நோய். குட்டி பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. வீட்டாரோடு நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு, மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், பின்னங்கால்கள் தடுமாறத் தொடங்கும். பிறகு முன்னங்கால்களும் விழும். மருந்து கிடையாது, கருணைக்கொலைதான். உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பரம்பரை நோய் என்று 1993இல் விவரித்தார்கள். பின்னாளில் பழுது ஐபிஏ57 என்ற மரபணுவில் இருப்பதும், அதனால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை கெடுவதும் தெரியவந்தது. இதே இனத்தில் ரத்தம் உறையாமல் போகும் வான் வில்லிபிராண்ட் நோயும் உண்டு. இரண்டுக்கும் இப்போது டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் போதும்.

விடை வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் கொண்ட நாய்க்கு நோய் வராது. அது பழுதைச் சுமக்கும், அவ்வளவே. சுமக்கும் இரண்டை இணை சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சுமக்கும் நாயைப் பழுதில்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்குக்கூட அந்த நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் பழுதைச் சுமக்கும், மீதிப் பாதி சுத்தம். அடுத்த தலைமுறைக்குச் சுத்தமானவற்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆனாலும் “சுமக்கும் நாய் எங்களுக்கு வேண்டாம்” என்பதுதான் வாங்குபவர் முதலில் சொல்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் கணிப்பில், அரிய இனத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. நாய்க்குச் சுமார் 20,000 மரபணுக்கள். அவற்றில் ஒன்று சரியில்லை என்று நாயை ஒதுக்கினால் மற்ற அத்தனையும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. வீட்டில் ஓர் ஓடு உடைந்ததற்காகக் கூரையையே பிரிப்பார்களா? அப்படி ஒதுக்கியதும் எல்லாரும் “சுத்தம்” என்று சான்று வாங்கிய ஒரே ஆண் நாயிடம் ஓடுவார்கள். அந்தச் சான்று இரண்டு நோய்களுக்குத்தான். இன்னும் பெயர்கூட வைக்காத எத்தனை பழுது அதனிடம் ஒளிந்திருக்கிறதோ! நூறு குட்டிகளுக்கு அது அப்பாவானால், பேரக்குட்டிகள் காலத்தில் புதிதாக ஒரு நோய் முளைக்கலாம். அதனால்தான் ஓர் இனத்தில் ஐந்தாண்டுகளில் பதிவாகும் குட்டிகளில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரே நாயின் வாரிசாக இருக்கக்கூடாது என்று சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது.

எல்லா நோயும் இப்படி ஒரே மரபணுவில் அடங்கிவிடுவதில்லை. கோய்கர்களுக்குத் தசை அழற்சி நோய் வருவதுண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும். சில நாய்களுக்கு விழுங்குவதே சிரமமாகிவிடும். அந்த நாய்களின் டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் சுமார் 39,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு விடுபட்டிருப்பது 2021இல் வெளியானது. ஆனால் அந்தத் துண்டு இல்லாமலே ஆரோக்கியமாகத் திரியும் கோய்கர்களும் இருக்கின்றன. இங்கே பரிசோதனை சொல்வது ஆபத்து கூடுதலா குறைவா என்பதை மட்டுமே. இரு பக்கமும் ஆபத்து கூடிய ஜோடியைத் தவிர்க்கலாம், அதற்கு மேல் அதிலிருந்து தீர்ப்பு எழுத முடியாது.

இவ்வளவும் உடம்பைப் பற்றியது. குடும்பத்தோடு வாழப்போகும் நாய்க்குக் குணமும் வேண்டும். கோய்கர் வீட்டாரிடம் குழையும். அந்நியரிடம் சட்டென்று ஒட்டாது. திடீர்ச் சத்தமும் முரட்டுக் கையும் அதற்கு ஆகாது. வாலைப் பிடித்து இழுக்கும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். பயந்த சுபாவத்தில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. அதனால் எவ்வளவு அழகாக இருந்தாலும் மிரளும் பெட்டையைக் குட்டிக்கு விடாமல் இருப்பதே நல்லது. மறுபங்கு வளர்ப்பில் இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை பார்த்துப் பழகியதைத்தான் குட்டி உலகத்தின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களைக் கொட்டகையில் கழித்த குட்டிக்குக் குக்கர் விசிலும் பகைதான். பொறுப்பான வளர்ப்பவர் குட்டிகளை அடுக்களைப் பக்கமாகவே வைத்துக்கொள்கிறார்.

அவரிடம் குட்டி கேட்டுப் போனால் முதலில் கேள்விகள் அவர் பக்கமிருந்து வரும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு என்ன வயது, வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தருவீர்களா? பெற்றோரின் பரிசோதனை முடிவுகளை நாம் கேட்குமுன்னே எடுத்து வைப்பார். குட்டியைக் கொடுத்த பிறகும் விடமாட்டார். பத்து வயதில் நொண்டினாலும் தகவல் சொல்லச் சொல்வார். வீடுகளிலிருந்து வரும் அந்தச் செய்திகள் இல்லாவிட்டால் எந்தக் கால்வழியில் எது வருகிறதென்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் கேட்கலாம்: உங்கள் ஆண் குட்டி நல்ல குணத்தோடு வளர்ந்தால், ஒரே ஒரு ஈற்றுக்கு அதைத் தருவீர்களா? கண்காட்சிப் பக்கமே போகாமல், யாரும் இணைக்குத் தேடாமல் வீட்டில் கிடக்கும் நாயிடம்தான் மற்றவற்றில் அருகிவிட்ட மரபணுக்கள் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.