தலையில் பாயும் ஒளி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

2004 டிசம்பர் 26 காலை, சென்னை சாந்தோமை ஒட்டிய சீனிவாசபுரத்திலும் பட்டினப்பாக்கத்திலும் கடல் வீட்டுக்குள் புகுந்தது. அந்தச் சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் பலருக்கு ஏற்பட்ட காயம் வெளியே தெரியவில்லை. தமிழகக் கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் பிறகு நடந்த ஆய்வில், பெரியவர்களில் 12.7 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு, 'பி.டி.எஸ்.டி.' எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது.

விபத்து, வெள்ளம், அடிதடி, பாலியல் கொடுமை என எதற்குப் பிறகும் இது வரலாம். நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்துப் பக்கமே போகப் பிடிக்காது. மனம் மரத்துப்போகும். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு, 'மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், தலையில் ஒளி பட்டால் போதும்' என்ற பேச்சு ஆறுதலாகத்தான் இருக்கும். அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் தலைக்கவசங்கள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

அறிவியல் எதுவரை வந்திருக்கிறது?

1960களின் பிற்பகுதியில் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், முடி மழித்த எலிகள்மேல் மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சினார். அந்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. ஒளியால் சிகிச்சை தரும் துறை அங்கிருந்து தொடங்கியது. மூளைக்கு இப்போது பெரும்பாலும் 800 முதல் 1,100 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சி, உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

சிக்கல் என்னவென்றால், தோலும் மண்டையோடும் ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. மிகச் சிறிய பங்குதான் மூளையின் மேற்பரப்பை எட்டுகிறது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவோ மூளையின் ஆழத்தில் இருக்கிறது. பி.டி.எஸ்.டி.க்கு இந்த ஒளியை வைத்து நடந்த சோதனைகள் சிறியவை. நிரூபணமான சிகிச்சை என்று சொல்ல அவை போதாது.

பக்கவாதத்தில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 120 நோயாளிகளிடம் நடந்த முதல் லேசர் சோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. 660 பேரிடம் நடந்த இரண்டாவது சோதனை தன் இலக்கை எட்டவில்லை. மூன்றாவது சோதனையை, பலன் இல்லை என்று கண்டு பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். சிகிச்சைக்கு, மனச்சோர்வு நோய்க்காக 2008இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அது வேறு, ஒளி வேறு. ஒன்றின் ஆதாரத்தைக் காட்டி மற்றொன்றை விற்க வந்தால் ஏமாற வேண்டாம்.

ஆபத்து எங்கே?

அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது. அதனால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பயன்படுத்தினால் விழித்திரை பாதிக்கப்படலாம். அளவு மிஞ்சினால் தோல் சுடும். விட்டுவிட்டு மின்னும் ஒளி, வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, ஒளியை நம்பி ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரையையும் ஆலோசனையையும் நிறுத்திவிடுவதுதான். மனநல மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முற்றலாம். தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம்.

உங்கள் உரிமைகள்

* மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, உங்கள் நோய் என்ன, சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். உங்கள் சம்மதமும் இரகசியமும் காக்கப்பட வேண்டும். மருத்துவப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம்.
* 'இது ஆய்வு' என்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்த எண்ணையும் கேளுங்கள். ஆய்வுக்கான செலவை உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.
* 'இது சிகிச்சை' என்றால், கருவியின் உரிம எண்ணைக் கேளுங்கள். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன் கீழ் அது லேபிளில் இருக்க வேண்டும்.
* மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கும் கருவிக்கும் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது.
* மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாக மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம்.

ஏமாந்துவிட்டால்?

ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கருவி பற்றிய புகாரைத் தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும், மருத்துவர் பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிடமும் தரலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பலன் தரும் சிகிச்சை உண்டு

அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை, கண்ணசைவு வழியான 'இ.எம்.டி.ஆர்.', செர்ட்ராலின் போன்ற மருந்துகள் ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சாந்தோம்வாசிகளுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நாளைக்கு இந்த ஒளியும் நல்ல மருந்தாக நிரூபணமாகலாம். ஆனால் இன்றைய நிலையில், ஆய்வு என்பவர் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. சிகிச்சை என்பவர் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரமும் காட்டாமல் காசும் கேட்பவரிடம் உங்கள் தலையைக் கொடுக்காதீர்கள்.